அன்று அவர் எங்கே இருந்தார்?



தஞ்சைப் பெரிய கோயிலின் திருச்சுற்றில் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் ஒரு காட்சியைக் காணலாம். வெயிலில் காய்ந்த கல்தரை காலைச் சுடும். வருகிறவர்கள் பொடிநடையும் ஓட்டமுமாக வந்து, விமானத்தின் நிழல் விழுந்த இடமாகப் பார்த்து ஒதுங்கி உட்காருவார்கள். பிள்ளைகளுக்குத் தண்ணீர் கொடுப்பார்கள். அந்த நிழலிலேயே நின்றுகொண்டு குடும்பத்தில் விவரம் தெரிந்தவர் ஒருவர் கையை உயர்த்திச் சொல்வார்: "இந்தக் கோபுரத்தோட நிழல் தரையில விழவே விழாது!" கேட்டவர்கள் அண்ணாந்து பார்த்து வியப்பார்கள். குனிந்து பார்ப்பவர் குறைவு.

நிழல் விழுகிறது. காலையில் மேற்கே, மாலையில் கிழக்கே. மார்கழி மாதத்து உச்சிவேளையில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் வடக்குச் சுற்றிலும் விழும். இந்தக் கதைக்கு ஒரு சின்ன வேர் உண்டு. சுமார் 216 அடி உயரமுள்ள விமானம் அடியில் அகன்று மேலே போகப் போகக் குறுகுவது. சூரியன் நேர் உச்சிக்கு அருகே வரும் மாதங்களில், நண்பகலை ஒட்டி மட்டும், உச்சியின் நிழல் தன் அடித்தளத்துக்குள்ளேயே அடங்கிவிடும். நண்பகலை ஒட்டிய சிறிது நேரத்துக்குப் பொருந்துவது எல்லா நாளைக்குமான அற்புதமாகிவிட்டது.

உச்சியில் இருப்பது 80 டன் எடையுள்ள ஒரே கல் என்பதும் இப்படித்தான். அந்தச் சிகரம் பல கற்களை இணைத்துச் செய்தது. வெளியே உள்ள பெரிய நந்தி வளர்ந்துகொண்டே போனதாகவும், முதுகில் ஆணி அடித்து நிறுத்தியதாகவும் ஒரு கதை. அந்த நந்தி ராஜராஜன் காலத்ததே அன்று. நாயக்கர் காலத்தில் வைக்கப்பட்டது.

இந்தக் கதைகளெல்லாம் கோயிலைப் பெருமைப்படுத்தத்தான் சொல்லப்படுகின்றன. ஆனால் இவற்றைச் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் கோயிலைக் கட்டியவன் பெயரையே ஊர் மறந்திருந்தது. கரிகாலச் சோழன் தன் தொழுநோய் தீர்ந்ததற்காகக் கட்டினான் என்றது தலபுராணம். 1886இல் சென்னை அரசின் கல்வெட்டாய்வாளராகப் பொறுப்பேற்ற ஜெர்மானிய அறிஞர் ஹூல்ஷ் சுவரில் இருந்ததைப் படித்துச் சொன்ன பிறகுதான் ராஜராஜன் பெயர் மீண்டது. இத்தனைக்கும் அந்தச் சுவர் ஒன்றையும் மறைக்கவில்லை. ஆட்சியின் 25ஆம் ஆண்டு, 275ஆம் நாளில் விமானத்தின் உச்சிக்குக் கலசம் கொடுத்ததாக நாள் குறித்து வெட்டியிருக்கிறார்கள். கோயிலில் ஆடல் பணிக்கு வந்த 400 தளிச்சேரிப் பெண்டுகள் எந்தெந்த ஊரிலிருந்து வந்தார்கள், எந்தத் தெருச் சிறகில் எத்தனையாவது வீட்டில் குடியிருந்தார்கள் என்று எழுதியிருக்கிறார்கள். பெருந்தச்சன் பெயர் இருக்கிறது. நாவிதர் பெயரும் இருக்கிறது. இவ்வளவு விவரத்தை விட்டுவிட்டு விழாத நிழலைப் பேசிக்கொண்டிருந்தோம்.

இந்த உரைக்கு எடுத்துக்கொண்ட கருவி எளிமையானது. ஒரு வரலாற்றுக் கதையைக் கேட்டவுடன் இரண்டு கேள்விகள்: அது எந்தத் தேதி? அன்று அந்த ஆள் எங்கே இருந்தார்? அரசியல் மேடையில் வரலாறு அடிக்கடி வந்துபோகும் இந்த நாள்களில் இவ்விரண்டும் பெரும்பாலான கதைகளுக்குப் போதுமானவை. சில இடங்களில் போதாமலும் போகும். அதையும் பார்க்கலாம்.

வாயிலும் பதவியும்

பெரிய கோயிலைப் பற்றிய கதைகளில் அரசியல்வாதிகள் நம்பும் கதை ஒன்று தனி. முன்வாயில் வழியாக உள்ளே போகிற ஆட்சியாளருக்குப் பதவி நிலைக்காது, உயிருக்கும் ஆபத்து என்பது அது. இதற்குச் சான்றாக 1984ஐக் காட்டுவார்கள். ராஜராஜன் முடிசூடிய ஆயிரமாவது ஆண்டு விழாவுக்கு அந்த ஆண்டு செப்டம்பரில் பிரதமர் இந்திரா காந்தியும் முதலமைச்சர் எம்.ஜி.ஆரும் வந்தார்கள். அக்டோபர் தொடக்கத்தில் எம்.ஜி.ஆர். நோயில் விழுந்தார். அக்டோபர் 31 அன்று இந்திரா சுட்டுக் கொல்லப்பட்டார். கதை கேட்பவருக்கு மயிர்க்கூச்செறியும்.

தேதிகளை வரிசையாக வைத்தால் கதை இளைக்கிறது. அமிர்தசரஸ் பொற்கோயிலுக்குள் ராணுவம் நுழைந்தது 1984 ஜூன் மாதத்தில். இந்திராவின் உயிருக்கு ஆபத்து சூழ்ந்தது அங்கிருந்துதான். தஞ்சைப் பயணத்துக்கு மூன்று மாதங்களுக்கு முன்பே. எம்.ஜி.ஆருக்கோ பதவி போகவே இல்லை. அமெரிக்காவில் புரூக்ளின் மருத்துவமனையில் இருந்தபடியே, பிரச்சாரத்துக்கு ஒரு நாள்கூட வராமல், அந்த டிசம்பர் தேர்தலில் ஆண்டிப்பட்டியில் வென்றார். கட்சியும் வென்றது. 1987 டிசம்பர் 24 அன்று இறக்கும்வரை அவர்தான் முதலமைச்சர். பதவி பறிக்கும் வாயில் என்றால், மூன்றாம் முறையாக அவரை முதல்வராக்கிய வாயிலும் அதுவே.

2010 செப்டம்பரில் கோயிலின் ஆயிரமாவது ஆண்டு விழா நடந்தது. முதலமைச்சர் கருணாநிதி பக்கவாயில் வழியாக வந்தார் என்று பத்திரிகைகள் எழுதின. பகுத்தறிவு பேசிய இயக்கத்தின் தலைவர் பற்றிய செய்தி என்பதால் எதிர்க்கட்சிக்காரர்கள் அதைச் சுவைத்துச் சுவைத்துச் சொன்னார்கள். அடுத்த ஆண்டு தி.மு.க. ஆட்சியை இழந்தது. அதையும் கோயில் கணக்கில் எழுதினார்கள். முன்வாயிலில் வந்தாலும் பதவி போகும், பக்கவாயிலில் வந்தாலும் போகும் என்றால் அந்த விதியை எப்படித்தான் சோதிப்பது? 1991, 1996, 2001, 2006, 2011 ஆகிய ஐந்து சட்டமன்றத் தேர்தல்களிலும் முந்தைய தேர்தலில் வென்ற கட்சி தோற்றது. தஞ்சைக்குப் போகாமலேயே ஆட்சி இழக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் வேரூன்றி இருந்தது.

பகைவன் வாயால் ஒரு புகழ்ச்சி

வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு மேற்கோள் பல ஆண்டுகளாகச் சுற்றுகிறது. மஞ்சளேறிய பழைய காகிதத்தில் அச்சிட்டதுபோலப் படமும் இருக்கும். இந்தியாவின் நீள அகலமெல்லாம் சுற்றினேன், ஒரு பிச்சைக்காரனையும் கண்டதில்லை, ஒரு திருடனையும் கண்டதில்லை, இந்த நாட்டை வெல்ல வேண்டுமானால் இதன் பண்பாட்டு முதுகெலும்பை முறிக்க வேண்டும் என்று ஆங்கிலேய அரசியல்வாதி மெக்காலே பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பேசினாராம். தேதி 1835 பிப்ரவரி 2.

அன்று அவர் எங்கே இருந்தார்? கல்கத்தாவில். லீட்ஸ் தொகுதி உறுப்பினர் பதவியை விட்டுவிட்டுத்தான் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார். 1834 ஜூனில் சென்னைக் கரையில் இறங்கினார். தலைமை ஆளுநர் பெண்டிங்க் அப்போது ஊட்டியில் இருந்ததால் ஆர்க்காடு, பெங்களூர், மைசூர் வழியாகப் பல்லக்கில் அங்கே போனார். மழைக்காலத்தை நீலகிரிக் குளிரில் கழித்துவிட்டுப் பிறகு கல்கத்தா சேர்ந்தார். இங்கிலாந்துக்குத் திரும்பியது 1838இல். இடையில் லண்டன் நாடாளுமன்றத்தில் பேச அவருக்கு வழியே இல்லை.

அந்தத் தேதி மட்டும் பொய்யில்லை. 1835 பிப்ரவரி 2 அன்றுதான் தம் புகழ்பெற்ற கல்விக் குறிப்பை அவர் எழுதினார். அதில் இருப்பது வேறு. இந்தியாவும் அரேபியாவும் எழுதிக் குவித்த இலக்கியம் முழுவதும் நல்லதொரு ஐரோப்பிய நூலகத்தின் ஒரே ஓர் அலமாரிக்கு ஈடாகாது என்கிறார். சம்ஸ்கிருதமும் அரபியும் தமக்குத் தெரியாது என்று அதிலேயே ஒப்புக்கொள்கிறார். தெரியாத இலக்கியத்துக்கு விலை போட்ட அந்தக் குறிப்பை அடிப்படையாகக் கொண்டு மார்ச் 7ஆம் தேதி பெண்டிங்க் ஆங்கிலக் கல்விக்கு ஆணை பிறப்பித்தார்.

ஆகவே, மெக்காலேயை விமர்சிக்க விரும்புகிறவருக்கு உண்மைக் குறிப்பே தாராளமாகப் போதும். அப்படியிருக்க ஏன் போலியை நாடுகிறார்கள்? உண்மைக் குறிப்பு நம்மை இகழ்கிறது. போலி மேற்கோள் புகழ்கிறது. பகைவனே நம் பெருமையை ஒப்புக்கொண்டான் என்று கேட்பதில் ஒரு தனி ருசி. அந்த ருசிக்காக, 1832-33இல் குண்டூர்ப் பகுதியில் பஞ்சத்தில் மாண்ட பெருந்திரளான மக்களை மறந்துவிட வேண்டியிருக்கிறது. வழிப்பறிக் கொலைகாரர்களான தக்கர்களை ஒடுக்க ஸ்லீமன் என்ற அதிகாரியைக் கண்காணிப்பாளராக நியமித்தது 1835இல்தான் என்பதையும் மறக்க வேண்டியிருக்கிறது. மெக்காலேயின் கல்வி மரபிலிருந்து விடுபட வேண்டும் என்ற பேச்சு 2025இன் இறுதியில் தேசிய அரசியலில் மறுபடியும் சூடு பிடித்தது. விவாதம் நடக்கட்டும், அவர் எழுதியதை வைத்துக்கொண்டு நடப்பது நல்லது.

செங்கோலின் இரண்டு பாதிகள்

2023 மே 28 அன்று புதிய நாடாளுமன்றக் கட்டடத்தில், மக்களவைத் தலைவரின் இருக்கைக்கு அருகே, பிரதமர் மோடி ஒரு பொற்செங்கோலை நிறுவினார். ஆட்சி மாற்றத்துக்கு அடையாளமாக என்ன செய்யலாம் என்று மவுண்ட்பேட்டன் நேருவைக் கேட்டார், நேரு ராஜாஜியைக் கேட்டார், ராஜாஜி திருவாவடுதுறை ஆதீனத்தை அணுகினார், செங்கோல் மவுண்ட்பேட்டன் கையில் கொடுத்து வாங்கப்பட்டு நேருவிடம் சேர்ந்தது என்பது அப்போது அரசுத் தரப்பில் சொல்லப்பட்ட கதை.

இதில் ஒரு பாதி திடமான உண்மை. சென்னை உம்மிடி பங்காரு செட்டியார் கடையில் செங்கோல் செய்யப்பட்டது. ஆதீனத்தின் சார்பில் குமாரசாமித் தம்பிரானும் குழுவினரும் டெல்லி போனார்கள். 1947 ஆகஸ்ட் 14 மாலை நேருவின் வீட்டில் செங்கோலை அளித்து, திருநீறு பூசி வாழ்த்தினார்கள். ஆகஸ்ட் 25 தேதியிட்ட டைம் இதழில் இந்தக் காட்சி வந்திருக்கிறது. ஆகஸ்ட் 24 திராவிட நாடு இதழில் அண்ணா இதைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதி நேருவை எச்சரித்தார். பிறகு அது நேருவின் மற்றப் பொருள்களோடு அலகாபாத் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

மறுபாதிக்கு வருவோம். அன்று மவுண்ட்பேட்டன் எங்கே இருந்தார்? காலையில் கராச்சியில், பாகிஸ்தான் அரசியல் நிர்ணய சபையில் பேசிக்கொண்டிருந்தார். ஆனால் அன்றைக்கே டெல்லி திரும்பிவிட்டார். ஆகவே இந்தக் கேள்வி மட்டும் கதையைத் தள்ளிவிடப் போதாது. தள்ளாட வைப்பது வேறொன்று: மவுண்ட்பேட்டன் கேட்டார் என்பதற்கும் அவர் கையில் செங்கோல் போனது என்பதற்கும் அரசு முன்வைத்த சான்றுகளில் 1947ஆம் ஆண்டின் ஆவணம் ஒன்றும் இல்லை. ஆட்சி கைமாறியது, 1947 ஜூலை 18 அன்று மன்னரின் ஒப்புதல் பெற்ற இந்திய சுதந்திரச் சட்டத்தின்படி.

ஆதரித்தவர்கள் இரண்டு பாதிகளையும் சேர்த்து உண்மை என்றார்கள். எதிர்த்தவர்களில் பலர் இரண்டையும் சேர்த்துக் கட்டுக்கதை என்றார்கள். ஒரு தமிழ் மடம் விடுதலை நாளில் டெல்லிக்குப் போய்த் தன் முறைப்படி வாழ்த்திவிட்டு வந்தது என்ற நல்ல செய்தி இரு தரப்பின் கூச்சலிலும் காணாமல் போயிற்று.

மொழிச் சண்டையிலும் இப்படி இரு தரப்புக்கும் ஆளுக்கொரு கதை உண்டு. இந்திதான் தேசிய மொழி என்று வடக்கே பலர் மனதார நம்புகிறார்கள். அரசியல் சட்டத்தில் தேசிய மொழி என்று ஒன்று இல்லை. 343ஆவது பிரிவு இந்தியை ஒன்றியத்தின் அலுவல் மொழி என்கிறது. தேசிய மொழியாக அறிவிக்கும் சட்டமோ ஆணையோ பதிவில் இல்லை என்று 2010இல் குஜராத் உயர் நீதிமன்றமும் சொல்லிவிட்டது. தெற்கே உலவும் கதை, அரசியல் நிர்ணய சபையில் ஒரே ஒரு வாக்கில் இந்தி வென்றுவிட்டது என்பது. அந்த 78க்கு 77 என்ற கணக்கை 1955இல் அம்பேத்கர் எழுதினார். அவர் சொன்னது காங்கிரஸ் கட்சிக் கூட்டத்தில் நடந்த வாக்கெடுப்பை. சபை 1949 செப்டம்பர் 14 அன்று ஏற்றது முன்ஷியும் கோபாலசாமி அய்யங்காரும் வகுத்த சமரசத் திட்டத்தை.

கூட இருந்தால்தானே காட்டிக்கொடுக்க

தமிழ்நாட்டில் எந்தக் கட்சி உடைந்தாலும் மறுநாள் சுவரொட்டியில் ஒரு பெயர் இருக்கும்: எட்டப்பன். கட்சி மாறிய சட்டமன்ற உறுப்பினர், தலைவரை விட்டுப் பிரிந்தவர், அலுவலகத்தில் மேலதிகாரியிடம் போட்டுக்கொடுத்தவர் என எல்லாரும் எட்டப்பர்கள். கட்டபொம்மனை வெள்ளையரிடம் காட்டிக்கொடுத்தவர் என்ற கதையால், அகராதியில் ஏறாத குறையாக அது துரோகத்தின் பொதுப்பெயர் ஆகிவிட்டது.

எட்டப்பன் என்பது ஓர் ஆளின் பெயர்கூட இல்லை. எட்டயபுரம் பாளையக்காரர்களின் வழிவழிப் பட்டம். 1799 செப்டம்பரில் கும்பினியின், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியின், மேஜர் பானர்மேன் கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாக்கினான். கட்டபொம்மன் கோட்டையிலிருந்து வெளியேறினான். கோலார்பட்டியில் எட்டயபுரம் ஆட்களோடு சண்டை நடந்தது. அதிலும் அவன் அகப்படவில்லை. அவனுடைய தானாபதி சுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டு நாகலாபுரத்தில் கொல்லப்பட்டார். வடக்கே போன கட்டபொம்மன் புதுக்கோட்டைச் சீமைக் காட்டில் தங்கியிருந்தபோது அவனைப் பிடித்துக் கும்பினியிடம் ஒப்படைத்தவர்கள் அந்தச் சீமையின் மன்னர் தொண்டைமானின் ஆட்கள். அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் புளியமரத்தில் தூக்கு.

ஆகக் கட்டபொம்மன் பிடிபட்ட நாளில் எட்டப்பன் அங்கே இல்லை. இதனால் அவரைக் குற்றமற்றவர் என்று சொல்லிவிட முடியாது. அவர் கும்பினியின் நண்பர்; கட்டபொம்மனைப் பிடிக்க ஓடியாடி முயன்றவர். கயத்தாற்றில் விசாரணையைப் பார்க்கப் பாளையக்காரர்களையெல்லாம் கூட்டிவைத்திருந்தபோது, எட்டயபுரத்தாரையும் சிவகிரியாரையும் கட்டபொம்மன் கோபம் கொப்புளிக்க முறைத்துப் பார்த்ததைப் பானர்மேனே மேலிடத்துக்கு எழுதினான். அந்தக் கடிதத்தைக் கால்டுவெல் 1881இல் வெளியிட்ட திருநெல்வேலிச் சரித்திரத்தில் படிக்கலாம். இரண்டு பாளையங்களுக்கும் எல்லைக் கிராமங்களைப் பற்றி நெடுநாள் பகை. கட்டபொம்மன் ஒழிந்த பின் அவன் நிலத்தில் ஒரு பங்கு எட்டயபுரத்துக்கே போயிற்று. அவர் வெளிப்படையான எதிரி. காட்டிக்கொடுக்க வேண்டுமானால் முதலில் கூட இருந்திருக்க வேண்டும். எட்டப்பன் ஒரு நாளும் கட்டபொம்மனோடு கூட இருந்ததில்லை.

பிறகு ஏன் இந்தப் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது? பக்கத்து ஊர்ப் பகை நாட்டுப்புறக் கதைகளில் தங்கியது. 1959இல் பி. ஆர். பந்துலுவின் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' வந்தது. சக்தி கிருஷ்ணசாமியின் வசனமும் சிவாஜியின் குரலும் ஊரெல்லாம் ஒலித்தன. திருவிழாவில், பள்ளி ஆண்டுவிழாவில், மாறுவேடப் போட்டியில் மீசை வரைந்துகொண்ட சிறுவர்கள் கலெக்டர் ஜாக்சன் துரையை அந்த வசனத்தால் விரட்டினார்கள். கட்டபொம்மன் ராமநாதபுரத்தில் ஜாக்சனைச் சந்தித்தது 1798இல் நடந்ததுதான். ஆனால் அந்த வீர உரை 161 ஆண்டுகளுக்குப் பின் எழுதியது. எட்டப்பனாக வி. கே. ராமசாமி நடித்தார்; பார்த்தவர் மனதில் அந்த முகமே வரலாறாயிற்று. எதிர்முனையில் தமிழ்வாணன் கட்டபொம்மனைக் கொள்ளைக்காரன் என்று தலைப்பிட்டே ஒரு நூல் எழுதினார். மாவீரனா, கொள்ளைக்காரனா என்று பட்டிமன்றம் நடந்த வேகத்தில், வரி கட்டுவதா வேண்டாமா என்று ஒவ்வொரு பாளையமும் தனித்தனியே கணக்குப் போட்ட அந்தக் காலத்தின் சிக்கலைப் பேச ஆள் இல்லாமல் போயிற்று.

எட்டயபுரத்துக்காரர்கள் வெளியூர் போய் ஊர்ப் பெயரைச் சொன்னால் எதிரில் இருப்பவர் முகத்தில் ஒரு சிரிப்பு வருவதுண்டு. அந்த ஊருக்கு வேறு கணக்கும் இருக்கிறது. சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் அந்த அரண்மனைப் புலவர். அவர் அடக்கம் அங்கேதான். மெக்காலே குறிப்பு எழுதிய அதே 1835இல் முத்துசாமி தீட்சிதர் உயிர் பிரிந்தது எட்டயபுரத்தில். பதினொரு வயதுச் சுப்பிரமணியனுக்குப் பாரதி என்ற பட்டம் கிடைத்தது அந்த அரண்மனை அவையில். அதே பாரதி 1919இல் எட்டயபுரம் ஜமீன்தாருக்கு ஒரு கடிதம் எழுதினார். எட்டப்ப வம்சத்தின் வரலாறான 'வம்சமணி தீபிகை' நூலின் நடையைச் சீர்ப்படுத்தி நல்ல தமிழில் எழுதித் தருகிறேன் என்று கேட்டார். அந்த வேலை நடந்திருந்தால் எட்டப்பன் என்ற சொல் இன்று எந்தப் பொருளில் வழங்கும் என்று ஊகித்துப் பார்க்கலாம்.

பள்ளியில் சோறு போட்டது யார் முதலில் என்பது தேர்தல்தோறும் எழும் இன்னொரு சண்டை. நீதிக் கட்சியினர் பொறுப்பில் இருந்த சென்னை மாநகராட்சி 1920இல் ஆயிரம் விளக்குப் பள்ளியில் சிற்றுண்டி கொடுத்ததை ஒரு தரப்பு சொல்லும், 1982இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவை இன்னொரு தரப்பு சொல்லும். காமராசரை எல்லாரும் சொல்வார்கள். காமராசர் 1956இல் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்த இடம் எது என்று கேட்டால் மட்டும் மேடையில் இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். பாரதி பிறந்த ஊர் என்பதால் அவர் அதைத் தேர்ந்தெடுத்தார். எட்டயபுரத்துப் பிள்ளைகள் அன்று வரிசையாக உட்கார்ந்து, தட்டில் விழுந்த சோற்றைச் சாப்பிட்டார்கள்.